அவன் குடித்து முடிக்கும் வரை

அத்தான்,

இதனால் தங்கள் சமூகத்துக்கு அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை தங்கள் மகனுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் முளைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது என் மூக்கு. காயம் லேசானது; சேதம் மரியாதைக்குத்தான்.

அவனுக்குக் குல்லாய் எடுக்க உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மிலிட்டரி கேண்டீன் சோப்பு வாசனை குப்பென்று அடித்தது. இளித்துக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

லீவு முடிந்து போகும்போது, பாதி தேய்ந்த அந்தச் சோப்பைக் குளியலறை மாடத்தில் விட்டுப்போனீர்கள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் வழியாக என் காதைத் திருகி, "மாப்ள, நான் வார வரைக்கும் நீதாம்லே வீட்டுக்குக் காவல். கொரங்குச் சேட்டையக் கொஞ்சம் கொறை" என்றீர்கள்.

"கொறைச்சா உங்களுக்கு வீடு அடையாளம் தெரியாதே அத்தான்."

நீங்கள் சிரித்தது பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. பல்தான் தெரிந்தது.

பிறகு கடிதம் நின்றது. எல்லை மலையில் பனி அதிகம், தபால் இறங்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்த நாட்களில்தான் உங்கள் மகன் ஸ்டிரைக்கில் இறங்கினான். அதுவரை அக்காவின் மார்போடு ஒட்டிக்கிடந்தவன், மடியில் போட்டதுமே உடம்பை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பி வீறிட்டான். புட்டியைக் கொடுத்தால் அதையும் தட்டிவிட்டான். மில் ஸ்டிரைக் என்றால் கோரிக்கையாவது சொல்வார்கள். "பால் குடிக்கப் பால்மாறுதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார். புண் இல்லை, காய்ச்சல் இல்லை. "பாலைப் பீய்ச்சிச் சங்குல குடுங்க. வம்படியாத் திணிக்காதீங்க. அசந்து வரும்போது, சத்தமில்லாம மார்ல வச்சுப் பாருங்க. மூத்திரம் போறது கொறைஞ்சா உடனே கொண்டாங்க" என்றார்.

சங்கை நான் பிடித்தால் செத்த நேரம் குடிப்பான். அக்கா பிடித்தால் அதுவும் இல்லை. அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "பச்சப் பிள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்ட்டி. அவிய அப்பாவுக்கு அங்க..." என்று இழுத்தாள். "நீ மொதல்ல வீட்டுக்குப் போ" என்று அம்மா கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன? சொல் உள்ளே வந்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே பயந்தாள்.

வீடு இப்படிக் கிடந்தால் என் குரங்குச் சேட்டைத் தொழில் என்னாவது? ஒரு சாயங்காலம் மையால் மீசை வரைந்து, உங்கள் சோப்பைக் கழுத்து வரை தேய்த்து, உங்களைப் போல ஒரு சல்யூட் அடித்துவிட்டு, சங்கோடு உட்கார்ந்தேன். காலையில் என் கையால் குடித்தவன், என்னிடமும் வில்லாக வளைந்தான். மீசைக்குப் பயமோ என்று அதை அழித்தேன். அப்போதும் முகத்தைத் திருப்பினான்.

மீசை போன பிறகு என்மேல் மிச்சம் இருந்தது சோப்பு வாசனைதான். மாடத்தைப் போய்ப் பார்த்தேன். சோப்பு பாதியிலும் பாதியாகியிருந்தது.

"யக்கா, நீயும் இதத்தான் போடுதியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அவிய வாசம் வருதுலே."

பயத்தமாவு தேய்த்துக் குளித்து, வேறு சேலை உடுத்தி வந்தாள். அசந்து கிடந்தவனை மெல்ல மடியில் போட்டாள். முட்டினான். தேடினான். பிடித்துக்கொண்டான். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் அடுப்படி வரை கேட்டது. "ஒங்க அத்தான் வரட்டும், அந்தச் சோப்பாலயே அடிக்கேன்" என்று அக்கா மெதுவாகச் சிரித்தாள்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். தந்தியை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், படித்தேன்.

"யாருலே?"

"தப்பு வீடுக்கா. பேரை மாத்திப் படிச்சிட்டு வந்து நிக்கான்."

தந்தியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கதவருகே நின்றேன். அக்கா அலறினால் பிள்ளை மிரண்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு பக்கம் குடித்தான். அக்கா மறுபக்கம் மாற்றினாள். அவன் விரல்கள் தளர்ந்து, வாய் தானாக விலகிய பிறகுதான் சொன்னேன்.

சோப்பைக் கண்டுபிடித்த டாக்டர் நான், பிள்ளையைக் காப்பாற்றிய கெட்டிக்காரன் நான் என்று துஷ்டிக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிகிறேன். மிச்சச் சோப்பு உங்கள் பெட்டியில் இருக்கிறது, அக்கா கண்ணில் படாமல்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பிள்ளைக்காக நின்றது பாதிதான். எனக்கு வாய் வரவில்லை. இன்னும் செத்த நேரம் குடிடா, விட்டுவிடாதே என்று அவனைக் கெஞ்சிக்கொண்டே நின்றேன். அவன் குடித்து முடிக்கும் வரை, அந்த வீட்டில் நீங்கள் இருந்தீர்கள், அத்தான்.