சவுக்குத்தோப்பு ராட்சசிக்கு வசனம்

செப். 9, செவ்வாய்

புழுக்கம். கடல் பக்கமிருந்தும் காற்று இல்லை. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர்.

பழைய மாணவி கவிதா போன். சனிக்கிழமை மாலை உப்பளம் பக்கத்து அரங்கு ஒன்றில் ‘சவுக்குத்தோப்பு ராட்சசி’ திரையிடுகிறார்களாம். முழுப் பிரதி கிடைத்துவிட்டதாம். “நீங்க கண்டிப்பா வரணும் சார். மொத வரிசை.”

ஏன் நான்? அதற்கு வசனம் எழுதியவன் நான் என்று வீட்டில் சரோஜாவுக்குத் தெரியும். படத்தை எடுத்த ஜமாலுக்குத் தெரியும். டைட்டிலில் என் பெயரைப் போடாமல் விட்ட மகானுபாவன். முப்பது வருடமாகப் பேச்சில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் நான் மருந்துக்கடைக்குள் நுழைந்துவிடுவேன். இவளுக்கு யார் சொன்னது?

செப். 10, புதன்

கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் மறுபடி பார்த்தேன். யாரோ ஏற்றிய பிரதி, தலையும் இல்லை வாலும் இல்லை. ராட்சசி பகலில் தையல் டீச்சர். இரவில் கந்துவட்டிக்காரர்களைத் தோப்புக்கு இழுத்துப்போய்க் கொல்கிறாள். சைக்கிள் ட்யூபில் செய்த ஆக்டோபஸ். இழுக்கிற கயிறு தெரிகிறது. மழைப் பாட்டில் சுள்ளென்று வெயில். மகாமட்டம்.

ஆக்டோபஸ் வரும் இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினேன். ஏன் என்று தெரியவில்லை.

சரோஜா கதவைத் தட்டினாள். “உள்ள தனியா இன்னா சிரிப்பு?”

“நியூஸ் பாக்கறேன்.”

செப். 12, வெள்ளி

தூறல். ஜமாலும் வருகிறானாம். போகக்கூடாது.

அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் படமெல்லாம் காலைக்காட்சிதான். மரியாதைப்பட்டவர்கள் எதிர் டீக்கடையில் நிற்போம். விளக்கணைந்து படம் ஓட ஆரம்பித்த பிறகு உள்ளே, முடிவதற்குள் வெளியே. நான் கல்லூரி வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அப்படித்தான் பார்த்தேன். போஸ்டரில் என் பெயர் இல்லை. அவனைப் புரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது.

செப். 13, சனி

போனேன். கவிதா கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்கார்த்தினாள். விளக்கு எரியும்போதே இந்தப் படத்துக்கு உட்கார்ந்தது முதல் தடவை.

டைட்டில். ரத்தம் சொட்டும் எழுத்து, திரை முழுக்க:

வசனம்: கி. தனசேகரன், எம்.ஏ.

கைதட்டல். எம்.ஏ.வுக்குச் சிரிப்பு. வியர்த்துவிட்டது.

பக்கத்தில் ஜமால். தாடி முழுக்க வெள்ளை. “எம்.ஏ. போட்டாதான் ஆச்சுனு ஒத்தக் கால்ல நின்னியே மச்சான். இப்பப் பாரு, அதுக்குத்தான் சிரிக்கறானுங்க.”

“போஸ்டர்ல இல்லியே.”

“போஸ்டர்ல எம்பேரே இல்லியேடா. அந்தப் பொண்ணு தொடைக்கே எடம் பத்தல.” என் பக்கம் சாய்ந்து, “நீ வாத்தியார் ஆயிட்டே, எங்கூட நின்னா அசிங்கம்னு ஒதுங்கிட்டேனு நெனச்சேன்.”

பெயர் இல்லை என்று கோபம். பெயர் இருந்திருந்தால் தெருவில் தலைகாட்டியிருப்பேனா?

அதற்குள் ராட்சசி கடலைப் பார்த்துத் திரும்பினாள். அவள் வாய் திறக்குமுன் அரங்கமே சேர்ந்து கத்தியது: “நான் பொம்பள இல்லடா, புயல் சின்னம்.” அதில் ஒரு குரல் என்னுடையது. ஜமால் என் தொடையில் அடித்துச் சிரித்தான்.

கேலியா, மரியாதையா? இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. முடியும்வரை இருந்தேன். அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

செப். 14, ஞாயிறு

வெயில். மீன் வாங்கப் போகவில்லை.

சரோஜா வெங்காயம் உரித்துக்கொண்டே, “பேர் வந்துதா?”

“வந்துது.”

“மொதல்லேந்தே இருந்துதா?”

“ம்.”

கத்தியைக் கீழே வைத்தாள். “அப்ப இனிமே யாரத் திட்டுவீங்க?”

புது நம்பரிலிருந்து போன். அவனாகத்தான் இருக்கும். நின்றுவிட்டது. மறுபடி அடிக்கிறது. சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேனாவை மூடிவைக்கிறேன்.