ஈயத்தாளைக் கழற்றி அனுப்பு

றக்வான,
17.01.2003

அன்பு மகன் சசிக்கு அப்பா நாகலிங்கம் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி சுமித்ராவும் முருகன் புண்ணியத்தில் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மிலானில் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அந்தச் சுகம் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மற்றது எல்லாம் பிறகு. முதலில் எழுந்துபோய் அந்தச் சூடாகும் ஜாக்கெட்டை எடு, அதன் வயரில் இருக்கிற பியூஸ் கூட்டைத் திற, நீ சுற்றி வைத்திருக்கும் ஈயத்தாளைக் கழற்று. கழற்றிவிட்டு வந்து மீதியைப் படி.

உன் கடிதமும் போட்டோவும் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தன. தங்கச்சி அன்றைக்குத்தான் இரத்தினபுரியில் புடைவைக் கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், அவளே உரக்க வாசித்தாள். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோவதும், பனியில் விரல் மரத்துப்போவதும், ஊருக்குத் திரும்பிய சாலி என்கிற பையன் தன் ஜாக்கெட்டைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனதும், சைக்கிள் பெட்டரியில் வயரைக் குத்தினால் உடம்பெல்லாம் சூடு வருவதும் கேட்டு அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், உடுப்புக்குள்ளே அடுப்பா என்று சிரித்தாள். அதற்கடுத்து நீ எழுதியிருந்தாய், ஒரே கிழமையில் நாலு தடவை பியூஸ் போய்விட்டது, அப்பா சொல்லித்தந்த வைத்தியத்தைச் செய்தேன், சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போட்டேன், பிறகு ஒரு தொல்லையும் இல்லை, முன்னையைவிட நல்ல சூடு என்று. அப்பன் தொழில் புள்ளைக்குக் கைகொடுக்குது பாருங்க என்றாள் அம்மா. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அடுத்த நாள் பொங்கல் பானையில் பால் தெற்குப் பக்கம் சரிந்தது, கெட்ட சகுனம் என்று அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு அந்தப் பயம் முதல் நாளே வந்துவிட்டது.

பக்கத்துக் காம்பரா வீட்டு இருளாயியைத் தெரியும்தானே, பொங்கலுக்கு வந்தவள் உன் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். விரல் மடங்காது அல்லவா, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இடது முழங்கைக்கிட்ட மண்ணிறமாக ஒரு கறை, கோப்பி சிந்தினது என்று நீ பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள், இது கோப்பி இல்லங்க, பொசுங்குனது, எனக்குத் தெரியாதா என்று. அம்மா பேச்சை மாற்றினாள். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி.

சசி, பியூஸ் சும்மா போகாது. உள்ளே வயர் எங்கேயோ தேய்ந்து ஒன்றை ஒன்று தொடுகிறது, அதனால்தான் நாலு தடவை போனது. நான்கு தடவை அது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது, நீ ஈயத்தாளை வைத்து அதன் வாயை அடைத்துவிட்டாய். இப்போது நல்ல சூடு என்று நீ சொல்வது வயர் வேகிற சூடு. நான் சொல்கிற மாதிரிச் செய். ஜாக்கெட்டைப் பெட்டரியிலிருந்து கழற்றி மேசையில் விரி. கழுத்திலிருந்து கைவரைக்கும் தையலோடு விரலால் அழுத்திக்கொண்டே வா, முழங்கை மடிகிற இடத்தில் வயர் முறுக்கியோ கெட்டியாகவோ தட்டுப்படும், அங்கேதான் நோவு. அந்தத் தையலை நாலு விரல் அளவுக்குப் பிரித்துப் பார், தோல் கருகியிருந்தால் கருகின துண்டை வெட்டி எறிந்துவிட்டு நல்ல வயரை முறுக்கி ஈயம் பற்றவை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உறை போடு, இரண்டு மூட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது, ஒன்றைக் கொஞ்சம் மேலே தள்ளிப் போடு. டோர்ச் பெட்டரியும் பல்பும் வைத்துக் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்க உனக்குத் தெரியும். குத்துகிற பின்னில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டிவிடு. பியூஸ் கூட்டில் என்ன நம்பர் எழுதியிருக்கிறதோ அதே நம்பர் பியூஸ் கடையில் வாங்கிப் போடு, பெரிய நம்பர் வேண்டாம். அதுவும் போனால் ஜாக்கெட்டைக் குப்பையில் போடு, மனசு கேட்காவிட்டால் வயரை எல்லாம் உருவிவிட்டுப் போடு. அதற்குள்ளே நைலோன் சட்டை போடாதே, உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி போடு. நனைந்தால் பிழியாதே. குளிர் தாங்கவில்லை என்றால் நெஞ்சுக்கும் முதுகுக்கும் பேப்பரை மடித்து வைத்து மேலே சட்டையைப் போட்டுக்கொள், நம் மலைக்காவல்காரர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு விடியும் மட்டும் நிற்கவில்லையா.

இவ்வளவு சொல்கிற அப்பா அன்றைக்கு ஏன் ஈயத்தாளைச் சுற்றக் காட்டிக்கொடுத்தார் என்று கேட்பாய். நீ என்னோடு தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எலெக்ட்ரிக் வேலைக்கு நின்ற ஒன்றரை வருசமும் பார்த்தாய்தானே, கொழுந்து வாடிக் காத்திருக்கும், ரோலர் நின்றால் டீமேக்கர் ஐயா குதிப்பார், நான் தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற ஈயத்தாளில் ஒரு கீற்றைக் கிழித்துப் பியூசில் சுற்றி ஓட்டிவிடுவேன், கெட்டிக்காரன் நாகலிங்கம் என்பார்கள். நீயும் அதைத்தான் கற்றுக்கொண்டாய். நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள், எனக்குப் பதினைந்து வருசமாக அந்தச் சொல் வாயில் வரவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

உனக்குப் பதினொரு வயதில் நம் லயத்து வீட்டு வரிசை எரிந்தது நினைவிருக்கும், சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரம், எல்லாரும் மடுவத்தில் நின்றோம். இருளாயி அடுப்புத் தணலை அணைக்காமல் போனாள், மேலே அட்டல் பரணில் இருந்த விறகு பற்றிக்கொண்டது என்றுதான் நீயும் கேட்டு வளர்ந்தாய். அது பொய். ஸ்டோரிலிருந்து நம் நாலு காம்பராவுக்கும் கரண்ட் வந்தபோது பியூஸ் பெட்டி நம் சுவரில்தான் இருந்தது. அம்மா வாங்கின கரண்ட் சூட்டடுப்பைப் போட்டால் அடிக்கடி பியூஸ் போனது, நான் ஈயத்தாளைச் சுற்றினேன். வயர் இருளாயியின் அட்டலுக்கு மேலே கூரைத் தகரத்தோடு போனது. எரிந்து முடிந்த மறுநாள் நான்தான் ஏறி வயரைக் கழற்றினேன், உள்ளே இருந்து வெந்து தோல் முழுக்க ஒழுகிப்போயிருந்தது. நம் பெட்டியில் ஈயத்தாள் ஒரு சுருக்கம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஆற்றில் விட்டேன். தோட்ட ஒபிசில் துரை கேட்டார், வயரில் பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான்.

இருளாயி அன்றைக்கு எதற்கு நெருப்புக்குள்ளே ஓடினாள் தெரியுமா, பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கு. தகரப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறாள், பெட்டி வரவில்லை, உள்ளங்கைத் தோல்தான் பெட்டியோடு போனது. கொழுந்து பறிக்க முடியாமல் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டுகிறாள். பத்திரம் இல்லை, அடையாள அட்டை எடுக்க அலைந்து விட்டுவிட்டாள், யுத்தத்தில் செக்பொயிண்ட் இருந்த காலம் முழுக்க றக்வானைக்கு அப்பால் போகவில்லை, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை. என் புத்தி கெட்டு லயமே வெந்துச்சே என்று இன்றைக்கும் அம்மாவிடம் சொல்லி அழுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகும் ஸ்டோரில் ஈயத்தாள் சுற்றுவதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் உனக்கும் கற்றுக்கொடுத்தேன். செய்த பாவம் பிள்ளை தலையில் விடியும் என்பார்கள், அதை மட்டும் நான் தாங்கமாட்டேன்.

நேற்றே றக்வானைக்குப் போய் முக்தார் கடையிலிருந்து நீ தந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். உன் அறையில் இருக்கிற சிங்களத் தம்பி எடுத்தான். நீ இப்போதுதான் வேலைக்குப் போனாய், இன்றைக்குப் பனி கூட, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் போனாய் என்றான். மல்லி, தம்பி, அவன் வந்ததும் அந்த வயரைக் கழற்றச் சொல் என்று அவன் பாஷையிலேயே சொன்னேன், ஹரி அங்கிள் ஹரி, சரி சரி என்று சிரித்தான், அதோடு லைன் போய்விட்டது. திரும்ப இரண்டு முறை எடுத்தேன், மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அவன் சொல்வான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, அதனால்தான் இதை ரெஜிஸ்டர் தபாலில் போடுகிறேன். போய்ச் சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகும் என்றார்கள், அந்தப் பன்னிரண்டு நாளும் நீ அதைப் போட்டுக்கொண்டுதான் ஓடுவாய். நாளைக்கும் போய் எடுப்பேன்.

அம்மாவுக்கு இந்த விசயம் ஒன்றும் தெரியாது, அவளுக்குத் தனியாக எழுது, வெறும் வயிற்றோடு சைக்கிள் ஏறாதே என்று சொல்லச் சொன்னாள். தங்கச்சிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன். கோயில் திருநீறு உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள். முருகன் உன் பின்னாலேயே வரட்டும், நீ ஆயுசோடு இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. கழற்றின ஈயத்தாளை எறியாமல் பதில் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. அது வந்த அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய் இருளாயி கையில் கொடுத்து நடந்ததைச் சொல்லப்போகிறேன், காட்டுவதற்கு அன்றைய தாள் என்னிடம் இல்லை. உன் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் நிம்மதி இல்லை, தபால்காரர் தலை தெரிந்தால் நமக்கு முதல் அவள்தான் எழுந்து வாசலுக்கு வருகிறாள், புள்ளகிட்ட இருந்து வந்துச்சாங்க என்று என்னைத்தான் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அப்பா,
மு. நாகலிங்கம்