ஐந்தாவது வண்டிக்கு இடம்

மார்ச் 2

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா நலம். பழைய கார்கள் நான்கும் நலம். தவளைக்கு மட்டும் பெட்ரோல் குழாயில் அடைப்பு இருந்தது, நேற்றுதான் சரிசெய்தேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். கராஜ் கட்டப் போகிறேன். ஷெட் என்று சொல்லிவிடாதே, எனக்குக் கோபம் வரும். முப்பது வருடம் கண்டவன் வாயை எல்லாம் எட்டிப் பார்த்துப் பல் பிடுங்கியாயிற்று. மிச்ச நாளில் கண்ணுக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்றிருக்கிறேன். முற்றத்தில் மகாராணி தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கீழே முன்கூடத்தையும் அதை ஒட்டிய அறையையும் ஒன்றாக்கினால் ஐந்து வண்டி நிற்கும். கதவு முழுக்கத் திறக்க வேண்டும், ஆள் சுற்றி வந்து துடைக்க வேண்டும், கழுவிய தண்ணீர் வெளியே ஓடத் தரையில் சரிவு வேண்டும். என்னால் முடிந்த மட்டும் படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

கொத்தனார்தான் முரண்டு பிடிக்கிறார். "நடுச்சுவத்தை எடுத்தா மாடி உக்காந்துரும் டாக்டர். இஞ்சினியர் கையெழுத்து இல்லாம நான் கை வைக்கமாட்டேன்" என்கிறார். வீட்டிலேயே ஒரு இஞ்சினியரைப் பெற்று வைத்துக்கொண்டு வெளியில் எவனையாவது தேடுவானேன்? கணக்குப் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அப்பா


மார்ச் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எடுக்கச் சொல்லும் சுவர் என் அறைச் சுவர். படத்தில் வெறுமனே "அறை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா, அந்த அறை எனக்கு வேண்டும். நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா? சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று போன மாதம் அவர் என் கையை முறுக்கியதில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவர் என்னை அடிப்பது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டையும் உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கம் போய்விட்டது, பயம்தான் இருக்கிறது.

என் போனை அவர் தினமும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். எப்போதும்போல அலுவலக முகவரிக்கே பதில் போடுங்கள். இதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அது பாரம் தாங்கும் சுவர். இரும்பு உத்தரம் கொடுத்தால் எடுக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்,
குட்டி


மார்ச் 11

அன்புள்ள குட்டிக்கு,

உத்தரம் கொடுத்தால் எடுக்கலாம் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியில் என் பாதித் தலைவலி தீர்ந்தது.

கை விஷயம் கேட்டு வருத்தம். வலது கையா, இடது கையா என்று எழுதவில்லையே? வலது என்றால் வரைபடம் தாமதமாகும், அதற்காகத்தான் கேட்கிறேன். என் நாற்காலியில் உட்கார்ந்து அலறியவர்களில் பாதிப் பேருக்கு வலியே இருந்ததில்லை, எல்லாம் பயம். நீயும் சின்ன வயசிலிருந்தே எதையும் பெரிசுபண்ணுகிறவள். "மாமா, மகாராணிக்குக் கண்ணாடி கிடைச்சுதா?" என்று வாரம் தவறாமல் போன் செய்து கேட்கிற மனுஷன் கையை உடைப்பாரா?

அறை என்கிறாய். நீ கல்யாணமாகிப் போய் ஆறு வருடம் ஆகிறது. மாடியில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் நான், இன்னொன்றில் உதிரி பாகங்கள். அவற்றைக் கீழே ஈரத்தில் வைக்க முடியுமா, நீயே சொல். கையைப் பார்த்துக்கொள். கணக்கைச் சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

வலது கை. இடது கையால் கோடு போட்டிருக்கிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வண்டிகளை நேராக நிறுத்தாமல் சாய்வாக நிறுத்தினால் உள்ளே திருப்புவதற்கு அவ்வளவு இடம் தேவைப்படாது. பின்பக்கம் எட்டடி அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சுகிறது. உங்கள் நான்கு வண்டிகளும் கதவு திறக்க வசதியாக நிற்கும். அந்தத் துண்டில் ஒரு தடுப்பு வைத்து, ஒரு கட்டில் போட்டு நான் இருந்துகொள்கிறேன். பெட்ரோல் நாற்றம் எனக்குப் பழகிவிடும். வேண்டுமானால் வண்டிகளையும் நானே துடைக்கிறேன்.

ஐந்தாவது இடம் எதற்கு அப்பா? உங்களிடம் நான்குதானே இருக்கிறது?

28ஆம் தேதி அவர் வெளியூர் போகிறார். அன்று மாலை அலுவலகத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்துவிடுகிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள், போதும்.

உங்கள் மகள்,
குட்டி


மார்ச் 20

அன்புள்ள குட்டிக்கு,

உன் மூளைக்கு முத்தம் கொடுக்க வேண்டும். சாய்வாக நிறுத்தலாம் என்று இத்தனை நாளாக எனக்குத் தோன்றவே இல்லை. அந்த எட்டடித் துண்டில் ஐந்தாவது வண்டியை நீளவாக்கில் விட்டால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். நடுவில் நாற்காலி போட்டு உட்காரவும் இடம் கிடைக்கிறது.

எதற்கு என்று கேட்டாயே, இனி மறைப்பானேன். மாப்பிள்ளையின் தாத்தா ஓட்டிய வண்டியை அவர் எனக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த மாதிரி வண்டி இன்று தேடினாலும் கிடைக்காது.

எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது உன் முதல் கடிதத்தையும், நேற்று மறுபடி வந்தபோது இரண்டாவதையும் காட்டிவிட்டேன். மனுஷன் அழுதுவிட்டார். "கோவத்துல செஞ்சிட்டேன் மாமா, இனிமே கை நீட்டமாட்டேன்" என்றார். ஆக, நீ எழுதியது உண்மைதான். அவரே ஒத்துக்கொண்டார், அதோடு விட்டுவிடு.

வெளியூர்ப் பயணத்தை அவர் ரத்து செய்துவிட்டார். 28ஆம் தேதி ஐந்து மணிக்கு உன் அலுவலக வாசலில் அந்த வண்டியோடு நிற்பார். இரண்டு பேரும் அதிலேயே இங்கே வந்து, வண்டியை விட்டுவிட்டு, சமாதானமாகத் திரும்பிப் போங்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்து வா.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 9

அன்புள்ள குட்டிக்கு,

எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் அலுவலகத்துக்கே எழுதுகிறேன். யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

வரைபடம் தபாலில் வந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. கூட ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்கலாம். கொத்தனார் பார்த்துவிட்டு, "ஒரு இஞ்ச் கூடப் பிசகு இல்ல" என்றார். திங்கட்கிழமை சுவரை எடுத்தோம். மாடி அசையவில்லை. நான்கு வண்டிகளும் உள்ளே வந்துவிட்டன, பார்க்கப் பார்க்க மனசு நிறைகிறது.

ஆனால் நீ செய்த காரியத்தில் எனக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா? மாப்பிள்ளை அன்று ஐந்து மணியிலிருந்து காவலாளி கேட்டைப் பூட்டும்வரை வாசலில் நின்றிருக்கிறார். நீ மத்தியானமே வேலையை விட்டுவிட்டுப் பின்வழியாகப் போய்விட்டாயாம். போன் உன் மேஜை இழுப்பறையில் கிடந்ததாம். அவர் என் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "வண்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மொதல்ல உங்க பொண்ணைக் கொண்டாந்து விடுங்க" என்று கத்திவிட்டு, வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. வண்டியின் பேப்பர் என் பெயருக்கு மாறப் பத்து நாள் ஆகுமாம். அந்தப் பத்து நாள் மட்டும் அவரோடு போய் இரு. இடது கையையும் உடைத்துவிடுவாரோ என்று பயப்படாதே, நான் கண்டித்து வைக்கிறேன். பதினோராவது நாள் நீ எங்கே போனாலும் ஏன் என்று கேட்கமாட்டேன்.

நேராக அவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் இங்கே வா, நான் அவருக்குச் சொல்லி அனுப்புகிறேன். ஐந்தாவது இடம் சும்மாதான் கிடக்கிறது. வண்டி வரும்வரை நீ அங்கே கட்டில் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா