என் குரலுக்கு நீ வைத்த அப்பா

பீரோவை ஒழித்தபோது ஒற்றைச் சாக்ஸ் ஒன்று கிடைத்தது. வெள்ளை, என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தது. மனைவி தூக்கிப் போடப் போனாள், வாங்கி வைத்துக்கொண்டேன். கடப்பாக்கம் கரையில் என் குரலைப் பிடித்தபோது காற்றின் இரைச்சல் பதிவாகக் கூடாதென்று அதைத்தானே உன் போனில் மாட்டினாய். மறுநாள் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு போய் அவள் டீச்சரிடம் திட்டு வாங்கினாள்.

நான் மீன் ஏலம் விடுகிறவன். கணக்கும் நானும் ஒன்பதாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். வியாபாரிகள் வேகமாக விலை கேட்கும்போது எனக்குச் சிக்கிக்கொள்ளும். உடனே "இரு, இரு, இருஇரு" என்று தாளமாக இழுத்து, அதற்குள் மனதில் கூட்டிக்கொள்வேன். ஊரே சிரிக்கும் அந்தத் தடுமாற்றத்தை நீ பதிவு செய்தாய். பழைய லேப்டாப்பில் வெட்டி ஒட்டி, கீழே டிரம் சேர்த்து, மேலே நீ ராப் பாடினாய். "மச்சான், உன் முட்டாள்தனத்துல தாளம் கீதுடா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஒரு பாட்டு உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது. சொந்த ஸ்டுடியோ, அடுத்தவர்களுக்கு நீ போட்டுக் கொடுத்த பீட்டுகள், பிறகு சினிமா. அப்புறம் அந்தப் பேட்டி. பாட்டில் வரும் குரல் யாருடையது என்று கேட்டார்கள். "செத்துப்போன எங்கப்பா. மீன் ஏலம் வுடுவாரு" என்று கண்ணைத் துடைத்தாய். உன் அப்பா செங்கல்பட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மீன் வாடையே அவருக்கு ஆகாது.

செங்கல்பட்டுக் கல்லூரியில் படிக்கும் என் மகள், அது எங்கப்பா குரல் என்று தோழிகளிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். பேட்டிக்குப் பிறகு அவளுக்குப் பொய்க்காரி என்று பெயர்.

உன்னிடம் வந்தேன்.

"செத்த அப்பான்னா ஜனம் அழுவுது மச்சான். உன் பேரச் சொன்னா சிரிக்கும்."

"என் பொண்ணுக்காவ ஒரு தபா சொல்லுடா."

"மாமல்லபுரம் ஷோவுல சொல்றேன். அவளையும் இட்டுகினு வா."

புதுச்சட்டை போட்டு மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். நீ சொன்னதும் எழுந்து கும்பிடுவதா, கையை மட்டும் ஆட்டினால் போதுமா என்று அவளிடம் கேட்டு வேறு வைத்திருந்தேன். நீ வானத்தைப் பார்த்து, "அப்பா, இது உனக்கு" என்றாய். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டாய். நான் அழுதேன். என் மகள் அழவில்லை. "இனிமே யாருப்பா சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவளே ஒரு வழி யோசித்திருக்கிறாள். போன வாரம் என்னிடம் சொல்லாமல் தோழிகள் இருவரை ஏலத்துக்கு அழைத்து வந்து கூட்டத்தின் பின்னால் நிறுத்தினாள், அவர்கள் காதாலேயே கேட்கட்டும் என்று. எனக்கு வழக்கம்போல் கணக்கு சிக்கியது. இழுத்தேன். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த வியாபாரி ஒருவர், "இன்னா அண்ணாத்த, அந்தப் பாட்டக் காப்பி அடிக்கிறியா?" என்றார். உண்மை தெரிந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டத்தைக் கெடுக்க எனக்கு என்றைக்கு வந்தது?

"ஆமா நைனா, காப்பிதான்" என்றேன்.

சிரிப்பு அடங்கித் திரும்பினால் மூவரும் நிற்கிறார்கள். தோழிகள் மணலைப் பார்த்தார்கள். என் மகள் என்னைப் பார்த்தாள். ஏதேதோ விளக்கிக்கொண்டே பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனேன். "வுடுப்பா" என்றாள். அவ்வளவுதான்.

உன்னை வாய் நிறையத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ ஜனம் அழட்டும் என்று என்னை விற்றாய். நான் நாலு பேர் சிரிக்கட்டும் என்று அவளை விற்றேன். உன்மேல் இருக்கும் கோபத்தையாவது முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இப்போது அதில் பாதி என் மேல்.