வெள்ளிக் காசில் இருந்த முகம்

ஆவணி 13, வெள்ளி

எழுமலையில் விவசாயம் பார்க்கும் பாண்டி அண்ணனும் அவர் மனைவி செல்லம் அக்காவும் இன்று கல்லூரிக்கே என்னைத் தேடி வந்துவிட்டார்கள். தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போது கிடைத்த வெள்ளிக் காசு ஒன்றை, வரலாற்று வாத்தியார் என்பதால் என்னிடம் காட்டினார்கள். பார்த்ததுமே தெரிந்தது, ரோமாபுரிப் பேரரசர் திபேரியஸின் காசு. பக்கவாட்டு முகம், எடுப்பான மூக்கு, தலையில் இலை மாலை.

தாசில்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றேன். அக்கா சட்டென்று காசைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"குடுக்க மாட்டேன் சார். போன வருசம் வண்டியில அடிபட்டுச் செத்த எம்மகன் முகம் இது. அந்த மூக்கப் பாருங்க. தெனமும் வெளக்கேத்திக் கும்புடுறேன்."

"எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன் சார், கேக்க மாட்டேங்குறா" என்றார் பாண்டி அண்ணன்.

முகமாவது அவரிடம் இருக்கட்டும் என்று, காசைப் படமெடுத்துப் பெரிதாக்கி, ஒரு முழுத்தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். தடித்த கழுத்து, இறுகிய உதடு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எம்மகன் இல்ல" என்றார் மெதுவாக. "யாரோ பெரிய மனுசன்."

காசையும் தாளையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காசைத் துண்டில் முடிந்துகொண்டு, "திங்கக்கெழம தாலுகா ஆபீசுக்கு நீங்களும் வாங்க சார்" என்றார் அண்ணன். சரியென்றேன்.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். படம் எடுத்துத் தரச் சொல்லி அக்கா என்னிடம் கேட்கவேயில்லை. அந்த முகத்தைச் சின்னதாகவே விட்டிருக்கலாம்.