பதினொரு வகைக் கூன்வண்டுகள்

ட்ரேசி, கலிபோர்னியா
ஜூலை 2006

மச்சானுக்கு ஸலாம்.

பிள்ளை ரிதாவுக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேசினால் முழுதாகச் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே சர்க்கரை பீட்ரூட் வயல்களில் பதினொரு வகைக் கூன்வண்டுகளைப் பிடித்தேன். கிழங்கைத் தின்பவை இரண்டுதான். மற்றவை களையைத் தின்று பிழைப்பவை. பதினொன்றுமே கிழங்கைக் கெடுப்பதாக ஆய்வறிக்கையில் எழுதச் சொன்னார் எங்கள் லேப் புரொபசர். ஆய்வுக்குப் பணம் தரும் பூச்சிமருந்துக் கம்பெனிக்கு அதுதான் வேண்டுமாம்.

"பேசாம சைன் பண்ணிடு. உன் வேலையை வச்சுத்தானே நமக்கு கிரீன் கார்டு?" என்றீர்கள். சரியென்றும் சொன்னேன்.

மறுநாள் வயலில் களையெடுத்தவர்களில் ஒருத்தி நிறைமாதக்காரி. பதினொன்று என்று எழுதினால் அவள் நின்ற இடத்தில்தான் மருந்தடிப்பார்கள்.

இரண்டு என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். புரொபசர் லேப் சாவியை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை பிளானோவுக்கு, நம் வீட்டுக்கு வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி