ஹரீஷ், அந்த ஓட்டம் வேண்டாம்

ஓசூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி ஹரீஷுக்கு,

அக்கா சத்யப்ரியா எழுதுகிறேன். நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லையோ என்ற பயத்தில் அது வரவில்லை. இதைப் படித்ததும் நேராக முகாம் டாக்டரிடம் போ.

எனக்குக் காய்ச்சல் என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். ராணுவப் பயிற்சியில் இருக்கும் உன் மனம் கலங்கக் கூடாதாம். கம்பெனி விளையாட்டு விழாவில் என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் பெண்களோடு கயிறு இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் கட்டை மாதிரி இறுகிவிட்டன. பக்கத்தில் நின்ற தோழி அனிதாதான் என் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. பிறகு போகவே இல்லை. சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது. பெங்களூரில் டயாலிசிஸ் செய்துதான் பிழைக்க வைத்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். சுவரைப் பிடித்து நடக்கிறேன்.

தொடையிலிருந்து துளி தசையை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் சுப்ரியா பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பொறுமையாகச் சொன்னார். தசையில் இரண்டு வகை நார்கள் உண்டாம். ஒன்று நிதானமாக, நெடுநேரம் உழைப்பது. இன்னொன்று திடீரென்று ஓடவும் இழுக்கவும் வேகம் கொடுப்பது. அந்த வேகத்துக்கு, தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை உடைக்க ஒரு என்சைம் வேண்டும். எனக்கு அது பிறப்பிலேயே இல்லை. மீறி உழைத்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்குமாம்.

பழகப் பழகச் சரியாகிவிடாதா என்று கேட்டேன். பயிற்சி செய்தால் மற்றவர்களுக்குத் தசையில் பல என்சைம்களின் வேலை கூடும், ஆனால் இல்லாத ஒன்றை எந்தப் பயிற்சியும் கொண்டுவராது என்றார். அடுத்து, கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவர்களுக்கும் இது இருக்கலாமாம்; உன்னைப் பற்றிச் சொன்னேன்.

பள்ளி ஓட்டப் பந்தயத்தில் நீ பாதியிலேயே காலைப் பிடித்து உட்கார்ந்துவிடுவாய். சோம்பேறி என்று மாஸ்டர் அடித்தார். ஆனால் கெலவரப்பள்ளி அணைக்கரையில் முதலில் மெதுவாக நடந்து, வலி தணிந்த பிறகு ஓடினால் உனக்கு ஓட்டம் வந்தது. ஆள் எடுப்பிலும் அப்படித்தானே சமாளித்தாய்? அப்படி வலி தணிவதும் இந்த நோயின் அடையாளம்தானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியது ஸ்பீக்கரில் என் காதில் விழுந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது, ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது என்று சிரித்தபடி சொன்னாய். இன்னும் இரண்டு வாரத்தில் மூட்டை சுமந்து ஓடும் தேர்வு என்றாய். நான் கத்திக்கொண்டு வருவதற்குள், தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார். முகாம் எண்ணுக்கு நானே பலமுறை கூப்பிட்டேன், கிடைக்கவில்லை.

அப்பா மேல் கோபப்படாதே. நம் ஊர் தொரப்பள்ளியில் அவரை இப்போது ராணுவக்காரன் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கும் அது இருக்கிறது என்று எவன் பார்த்தான், உன் வாயால் அவன் வேலையைக் கெடுக்காதே என்று என்னைத் திட்டினார். திட்டிவிட்டு முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கும் பயம்தான்.

உனக்கு இருக்காமலும் போகலாம். சோதித்துவிட்டு இல்லை என்று சொன்னால், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். என் மருத்துவ அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அதை டாக்டரிடம் காட்டு. பயந்துவிட்டான் என்று கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சோதிக்கும் வரைக்கும் ஓடாதே, எதையும் தூக்காதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஹரீஷ்.

உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் வேண்டாத,
உன் அக்கா
சத்யப்ரியா

ஹரீசு, அம்மா எழுதறேன் கண்ணு. அவ சொல்றது எல்லாம் நெசம். சின்னப்புள்ளையில நீ கால் வலின்னு அழுதப்ப எண்ணெய் தேச்சு விட்டேன், வேற ஒன்னும் எனக்குத் தெரியல. இத ஸ்பீடு போஸ்ட்டுல போட நானே போறேன். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். வேலை போனாப் போவுது. நீ ஓடாத சாமி. மெதுவா நடந்து வீட்டுக்கு வந்துரு.